எஞ்சினில் எஞ்சிய சாயம்

மன்றத்துப் பொங்கல் விழாவுக்குக் கரும்பும் மஞ்சட்கொத்தும் ஆண்டுதோறும் எவருடைய காரில் வந்து இறங்குகின்றன என்பதை நம் அன்பர்கள் அறிவார்கள். தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்து வாடகைக் கார் ஓட்டும் அந்த அண்ணன், சென்ற மார்கழியில் ஒரு மாலை என்னைத் தேடி விடுதி வாயிலுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க வேதியியல்தானே படிக்கிறீங்க? ஒரு கறையைப் பத்தி உங்ககிட்டக் கேக்கணும்" என்றார்.

அவர் கூறிய செய்தி இது. இரண்டு திங்களுக்கு முன் அவருடைய காரில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. பட்டறையில் எஞ்சின் எண்ணெயோடு ஒளிரும் சாயம் ஒன்றைக் கலந்து, ஊதா விளக்கால் பார்த்தார்கள். எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் உள்ள கேஸ்கெட் கசிவதாகத் தெரிந்தது, அதை மாற்றினார்கள். அண்மையில் மீண்டும் எண்ணெய் கருகும் வாடை வரவே, வேறொரு பட்டறைக்குச் சென்றார். அங்கும் ஊதா விளக்கை அடித்துப் பார்த்தார்கள். எஞ்சினின் பின்புறம் முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்ததாம். "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்ப்பெட்டியை இறக்க வேண்டும், ரூ. 22,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பணம் இருக்குது தம்பி. ஆனா அது மகளோட கல்லூரிக்குக் கட்ட வெச்சிருக்கிறது. நான் கேக்கறது ஒண்ணுதான். இந்த மஞ்சள் பழசா, புதுசா?"

அவர் கேட்டது மிகச் சரியான அறிவியல் வினா. அதற்கு விடை காணச் செய்த வேலையையும், அதில் நான் செய்த பிழைகளையும், கற்ற பாடங்களையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். காரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படும். ஆய்வுக்கூடத்தில் பணி செய்வோர்க்கும் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

சாயம் ஒளிர்வது எவ்வாறு?

சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையோ, ஊதா, நீல ஒளியையோ உட்கொண்டு, அதனினும் நீண்ட அலைநீளமுள்ள ஒளியை உமிழ்கின்றன. உட்கொண்ட ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிவதால், வெளிவரும் ஒளியின் ஆற்றல் குறைந்து, அலைநீளம் கூடுகிறது. பட்டறையில் உள்ள விளக்கு ஏறத்தாழ 365 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைத் தரும். சாயம் அதை வாங்கிக்கொண்டு மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியைத் தருகிறது. விளக்கை அணைத்தவுடன் ஒளிர்தலும் நின்றுவிடும்.

இந்நிகழ்ச்சியைத் தெளிவுபடுத்தியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ். 1852-ஆம் ஆண்டில் கொயினாக் கரைசலைக் கொண்டு அவர் செய்த சோதனை மிக எளியது. தேவாலயச் சாளரத்தின் நீலக் கண்ணாடி வழியாக வந்த கதிரவன் ஒளியைக் கரைசலின்மேல் விழச் செய்தார். மஞ்சள் நிறத் திராட்சை மது நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தின் வழியாக அதை நோக்கினார். நீலக் கண்ணாடி வழியே வந்த ஒளியை மறைத்து, ஒளிரும் பொருளின் ஒளியை மட்டும் கண்ணுக்கு விட்டது அக்கிண்ணம். இன்று பட்டறைக்காரர் அணியும் மஞ்சட் கண்ணாடி செய்வதும் இதே வேலைதான்.

கசிவைக் காணச் சாயத்தைப் பயன்படுத்துவதும் புதிதன்று. 1871-இல் பேயர் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் புளோரசீன் என்னும் சாயத்தை ஆக்கினார். ஆறே ஆண்டுகளில், 1877-இல், அது ஒரு பெரிய ஐயத்தைத் தீர்த்தது. தன்யூபு ஆற்றின் நீர் ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்னும் ஊரருகே நிலத்துள் மறைகிறது. அந்நீர் ஆஹ் ஊற்றாக வெளிவருகிறதா என்று அறிய, ஆற்றில் 10 கிலோகிராம் சாயத்தைக் கரைத்தார்கள். சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊற்று, ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்துப் பச்சையாக ஒளிர்ந்தது. எஞ்சினில் செய்வதும் அதே சோதனையின் சிறிய வடிவமே.

புளோரசீன் உப்பு நீரில் கரைவது. ஆகவே ரேடியேட்டரின் குளிர்நீரில் அது பயன்படுகிறது. எஞ்சின் எண்ணெயில் இடும் சாயம் எண்ணெயில் கரைய வேண்டும். அதற்குப் பெரிலீன், நாப்தலிமைடு ஆகியவற்றின் வழிவந்த சாயங்கள் உள்ளன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்க, கறையைக் களையும் முறை இதைப் பொறுத்ததே.

ஏன் களைய வேண்டும்?

சாயம் எஞ்சினுக்குத் தீங்கு செய்வதில்லை. எண்ணெயை மாற்றும் வரை அது எண்ணெயோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பின் ஏன் துடைக்க வேண்டும்?

விளக்கு நமக்குச் சொல்வது, "இந்த இடத்தில் சாயம் இருக்கிறது" என்பதை மட்டுமே. அது எப்பொழுது வந்தது என்று சொல்வதில்லை. பழைய கசிவில் ஒழுகிய எண்ணெயிலும் அதே சாயம். இன்று கசியும் எண்ணெயிலும் அதே சாயம். பழுதைச் சரிசெய்தபின் கறையைத் துடைக்காமல் விட்டால், அடுத்த முறை பார்ப்பவர் பழையதைப் புதியது என்று கொள்வார். அண்ணனின் காரில் முதற் பட்டறை கேஸ்கெட்டை மாற்றியது; ஒழுகிக் கிடந்ததைத் துடைக்கவில்லை. இரண்டாம் பட்டறையார் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் கண்டது உண்மை. அதிலிருந்து அவர்கள் கொண்ட முடிவுக்குத்தான் போதிய சான்று இல்லை.

எனவே, முதலில் எல்லாவற்றையும் துடைத்து வெறுமையாக்க வேண்டும். பின் காரை ஓட்ட வேண்டும். அதன்பின் எங்கு ஒளிர்கிறதோ அதுவே இன்றைய கசிவு. எண்ணெயில் சாயம் இன்னும் இருந்தமையால் புதிதாகக் கலக்கத் தேவையில்லை. இதைச் சொன்னதும் அண்ணன், "அப்ப நாளைக்கே துடைச்சிருவோம்" என்றார்.

எதனால் கரையும்?

பலாப்பழம் அரியும்போது நம் அன்னையர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். பலாப்பால் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்கு இளகும். இயல்பால் ஒத்தது ஒத்ததில் கரையும் என்பது வேதியியலின் பழைய விதி. எண்ணெயில் கரையும் சாயம் வெறும் நீரில் கரையாது. நீரை மட்டும் ஊற்றினால் எண்ணெய்ப் படலம் இடம் மாறுமே தவிர நீங்காது.

ஆனால், எண்ணெய்க் குளியலின் முடிவில் நீரைக் கொண்டே எண்ணெயைப் போக்குகிறோம் அல்லவா? அங்கே துணைபுரிவது சீயக்காய். அதிலுள்ள சாப்போனின் மூலக்கூற்றுக்கு ஒரு பக்கம் எண்ணெயோடும் மறுபக்கம் நீரோடும் உறவு. இத்தகைய மூலக்கூறுகள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து, அதை நீரில் மிதக்கச் செய்கின்றன. கடைகளில் கிடைக்கும் எஞ்சின் டிகிரீசரில் நீரோடு கலக்கும் வகையானது செய்வதும் இதுவே. சாயம் எண்ணெயில் கரைந்திருப்பதால், எண்ணெய் போகும் வழியில் சாயமும் போய்விடும்.

மூட்டுகளிலும் திருகாணி மரைகளிலும் நுண்புழை ஈர்ப்பால் புகுந்த எண்ணெய்க்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் உதவும். பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு எடுத்தால் போதும்.

ஆகாதவை எவை என்பதையும் அறிய வேண்டும். பெட்ரோலால் எஞ்சினைத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சுழிக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். அது காற்றினும் கனமானது, தாழ்ந்த இடங்களில் தேங்கும். ஒரு சிறு மின்பொறி போதும். மண்ணெண்ணெய் ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச் செல்லும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். இக்கால எஞ்சின்களில் பெரும்பகுதி அலுமினியமே. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் கடுஞ்சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தரக்கூடும். ஆகவே இந்நான்கையும் விலக்குக.

செய்த முறை

இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினில், திறந்த வெளியில், மறுநாள் பிற்பகலில் வேலையைத் தொடங்கினோம். கார் இயற்கை வாயுவில் ஓடுவது. ஆதலால் முதலில் வாயு உருளையின் கைத்திருகை மூடினோம். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய், மின் இணைப்பிகள் ஆகியவற்றைப் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டினோம். கைகளுக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. அருகில் பீடி கூடாது என்று அண்ணனே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

முதற்படி, உலர்ந்த பழந்துணியால் கையில் அகப்படும் எண்ணெயை எல்லாம் துடைத்தெடுத்தல். இதைச் செய்யாமல் டிகிரீசரை ஊற்றினால் நான்கு மடங்கு நீர்மம் செலவாகும்; எண்ணெயும் புதிய இடங்களுக்குப் பரவும்.

அடுத்து, டிகிரீசரைப் புட்டியில் குறித்த அளவுக்கு நீரில் கலந்து, எஞ்சின்மேல் பீய்ச்சாமல், தூரிகையில் தொட்டு மேலிருந்து கீழாகத் தடவினோம். இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்தோம். விசை நீர்க்குழாயை நாடவில்லை; அது இணைப்பிகளுக்குள் நீரைச் செலுத்திவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு முறை துடைத்தால் கறையில் முக்கால் பங்கு நீங்குவதாகக் கொள்வோம். கால் பங்கு மிஞ்சும். மறுமுறை துடைத்தால் பதினாறில் ஒரு பங்கு. மூன்றாம் முறை அறுபத்து நான்கில் ஒரு பங்கு. சிறிது சிறிதாகப் பலமுறை கழுவுவது ஒரே முறை நிறைய ஊற்றுவதினும் மேலானது. பிரிபுனலில் நாம் நாள்தோறும் கையாளும் விதியே இது. ஒன்று மட்டும் மறத்தலாகாது: ஒவ்வொரு முறையும் துணியின் தூய பக்கம் வேண்டும். அழுக்குத் துணி எடுத்த சாயத்தைத் திரும்பக் கொடுத்துவிடும்.

நான் செய்த மூன்று பிழைகள்

இருட்டியதும் விளக்கை அடித்தேன். நெஞ்சு திடுக்கிட்டது. துடைக்கும் முன் மங்கலாக இருந்த இடங்கள் இப்பொழுது பளிச்சென்று ஒளிர்ந்தன! எங்கும் பரப்பிவிட்டோம் என்று எண்ணித் துணியைக் கீழே போட்டேன். பிறகு விளங்கிற்று. தடித்த படலத்தில் மேலடுக்கே ஒளியை விழுங்கிவிடும். நெருங்கியிருக்கும் மூலக்கூறுகள் ஒன்றன் ஒளியை ஒன்று அணைக்கவும் செய்யும். படலம் மெலியும்போது ஒளிர்தல் முதலில் கூடி, பின்னரே குறையும். ஆகவே பாதியில் கண்ட பொலிவைக் கண்டு அஞ்ச வேண்டா. தொடர்ந்து துடைக்க வேண்டும்.

இரண்டாவது பிழை. டிகிரீசர் தீர்ந்துபோனதால் விடுதியிலிருந்து சலவைத்தூளைக் கரைத்துக் கொண்டுவந்தேன். துடைத்தபின் பார்த்தால் எஞ்சின் முழுவதும் நீலமாக ஒளிர்கிறது. துணி வெள்ளையாகத் தோன்றச் சலவைத்தூளில் ஒளிரும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். தோபி இடும் நீலத்தின் இடத்தைப் பிடித்தது அது. எஞ்சினின் சாயத்தைப் போக்கப்போய் என் சாயத்தைப் பூசிவிட்டேன்! வெற்றுச் சோதனை செய்யாமல் எந்தக் கரைசலையும் நம்பாதே என்று முதலாண்டிலேயே கற்றதை மறந்தேன். பயன்படுத்தப்போகும் துணி, காகிதம், நீர்மம் எல்லாவற்றையும் முன்னரே விளக்கின் கீழ் பார்த்திருக்க வேண்டும். சலவைத்தூளின் நீலத்தைத் தூய நீரால் துடைத்துப் போக்க இன்னும் அரைமணி ஆயிற்று.

மூன்றாவது, ரேடியேட்டர்க் குழாயின் அடியில் பச்சையாக ஒளிர்ந்த பழைய குளிர்நீர்த் தடம். அண்ணன் ஓர் எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்தார். பச்சை பெரிதும் மங்கிவிட்டது. "பாத்தீங்களா தம்பி!" என்றார். நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஓர் ஐயம் உறுத்திற்று. தேய்த்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றி, அத்துணியில் சலவைச் சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். பச்சை ஒளி மீண்டும் எழுந்தது. புளோரசீன் காரத்தில் நன்கு ஒளிரும், அமிலத்தில் மங்கிவிடும். எலுமிச்சை கறையை நீக்கவில்லை. அதன் வாயை மூடியது, அவ்வளவே. இச்சாயம் நீரில் கரைவதாதலால், வெறும் நீரில் நனைத்த துணிகொண்டு நாலைந்து முறை துடைத்ததும் உண்மையாகவே போயிற்று. மறைத்தல் வேறு, நீக்கல் வேறு என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

கண்ட முடிவு

மேலே எல்லாம் இருண்டபின் காயவிட்டு, பாலித்தீன் தாள்களை எடுத்து, மின்கலத்தை இணைத்து, உருளைத் திருகைத் திறந்தோம். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று கண்டோம். "வழக்கம்போல் இரண்டு நாள் ஓட்டிவிட்டு வாருங்கள், எண்ணெய் மட்டத்தை மட்டும் காலையும் மாலையும் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குப் படிப்பு ஓடவில்லை. நான் துடைத்தது சரிதானா? பின்பக்க சீலே பழுதாக இருந்தால்? "செலவில்லை" என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. ஆயினும் அவர் அப்படி நம்பியிருப்பாரோ என்ற அச்சம்.

மூன்றாம் நாள் இரவு, பனிமூட்டத்தில், விளக்கை அடித்தோம். மேல் மூடியின் விளிம்பு இருண்டிருந்தது. புதிய கேஸ்கெட் நன்றாக உள்ளது. எஞ்சினின் பின்புறத்தில் மஞ்சட்கோடு ஒன்று, விரல் அகலம், கீழ்நோக்கி இறங்கிற்று. அண்ணன் பெருமூச்சு விட்டார். ஆனால், எண்ணெய் கீழ்நோக்கி ஒழுகும். ஓடும் காரின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் கறையின் மிகவும் மேலான, மிகவும் முன்னான புள்ளியே பிறப்பிடம். கோட்டைப் பிடித்து மேலே சென்றோம். எஞ்சின் பக்கவாட்டில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சின் அடியில் அது முடிந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. சீலுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் இருந்து எதுவும் வரவில்லை.

மறுநாள் அந்தச் சுவிட்சை மாற்றினார்கள். சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. மீண்டும் துடைத்து, மீண்டும் ஓட்டி, மீண்டும் பார்த்தோம். இருட்டு. கல்லூரிப் பணம் கல்லூரிக்கே சென்றது.

ஒருகால் சீலே கசிந்திருந்தால் அந்த ரூ. 22,000-ஐச் செலவழித்தே தீர வேண்டும். துடைத்தல் எந்தப் பழுதையும் சரிசெய்வதில்லை. எது பழுது என்பதைத்தான் காட்டும். அது காட்டுவதை ஏற்க நாம் அணியமாயிருக்க வேண்டும்.

இன்னும் ஒரு கடமை. எண்ணெய் தோய்ந்த துணிகளையும் கழுவிய நீரையும் சாக்கடையில் விட்டால் அவை யமுனையையே சேரும். பயன்பட்ட எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் தீங்குறு கழிவு விதிகளில் அடங்கியது. துணிகளையும் அழுக்கு நீரையும் மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டோம்.

அன்பர்களே, நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுவதை இழிவான வேலையாகக் கருதுகிறோம். நேற்றைய பொருள் ஒட்டிய குடுவையில் இன்றைய சோதனையைச் செய்தால், விடை நேற்றையதா இன்றையதா என்று எவராலும் கூற இயலாது. அண்ணன் கேட்ட வினாவும் அதுவே. கழுவிய குடுவைதான் இன்றைய விடையைத் தரும்.

ஊதா விளக்கையும் மஞ்சட் கண்ணாடியையும் மன்றத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். விளக்கை நேரே நோக்க வேண்டா. ஓய்வுள்ளபோது, சிறிது மஞ்சட்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அதன் கீழே வைத்துப் பாருங்கள். அதுவும் ஒளிர்வதைக் காண்பீர்கள்.